பிரேக் மோட்டர் போட்ட பிறகு கொன்வேயர் பெல்ட் தொங்குகிறது, கவுண்டர் வெயிட் துள்ளுகிறது – வெயிட்டைக் கூட்டவா?

சம்மாந்துறை_ஃபோர்மன்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், ஆலையின் பேர் வேண்டாம். களஞ்சியத்திலிருந்து, வாளிகளால் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டருக்கு நெல் கொண்டுபோகும் பெல்ட் ஒன்று இருக்கிறது. 45 மீற்றர் நீளம், 600 மில்லிமீற்றர் அகலம், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, மட்டமாகத்தான் ஓடுகிறது. கீழால் லொறி போக வேண்டும் என்று 15 அடி உயரத்தில் போட்டிருக்கிறார்கள், தலைப்பக்கம் நெல் சூட் வழியாக விழுந்து எலிவேட்டரின் அடிப்பெட்டிக்குப் போகும். வேகம் செக்கனுக்கு 2 மீற்றர், மணிக்கு 60 தொன். மோட்டர் 3 கிலோவாட், கியர் பொக்ஸோடு தலை ட்ரம்மில். அந்த ட்ரம்முக்கு அடுத்தாற்போல், திரும்பிப் போகும் பெல்ட்டில், பெல்ட்டை இறுக்கி வைக்கும் கவுண்டர் வெயிட் தொங்குகிறது. அதன் ட்ரம்மையும் சேர்த்து 300 கிலோ.

பழைய பிரச்சினை என்னவென்றால் கரண்ட் போனால் எலிவேட்டர் அந்த நொடியே நின்றுவிடும், வாளியெல்லாம் நெல் நிறைந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் சுழலவிடாமல் பேக்ஸ்டொப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெல்ட் நிற்காது. அது தன்பாட்டுக்கு ஓடி அடிப்பெட்டிக்குள் நெல்லைக் கொட்டும், பிறகு கதவைக் கழற்றி ஒரு சாக்கு நெல்லைக் கையால் அள்ளினால்தான் எலிவேட்டர் மறுபடி சுற்றும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் குரங்கு பாய்ந்ததென்று சொல்லி நாடு முழுக்க இருண்டதே, பெரும்போக அறுவடை தொடங்கிய நேரம், அன்றைக்கு முதலாளி வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது.

அதனால் பிரேக் மோட்டர் வாங்கிப் போட்டோம். கரண்ட் போனதும் ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும் வகை. அடைப்பு இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் நிற்கும்போது தலை ட்ரம்முக்கு முன்னால் இருக்கிற கடைசி சில ரோலர்களுக்கு இடையில் பெல்ட் தொங்கி இரண்டு பக்கமும் நெல் சிந்துகிறது, ட்ரம் கிறீச்சென்று கத்துகிறது, கவுண்டர் வெயிட் அரை அடி மேலே துள்ளி டமாரென்று விழுகிறது. மோட்டர் விற்றவர்கள் இன்னும் 300 கிலோ ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றவா? எனக்கு விளங்காதது இதுதான்: பெல்ட் தளர்ந்தால் வெயிட் கீழே இறங்கத்தானே வேண்டும், ஏன் மேலே போகிறது?

கல்முனை_வெல்டர்

காக்கா, வெயிட்டைத் தொடுவதற்கு முதல் ஒன்றைப் பாருங்கள். வெயிட் ஏறி இறங்கும் வழிகாட்டிச் சட்டம் இரண்டிலும் துரு, நெல் தூசி, பழைய கிரீஸ் எல்லாம் சேர்ந்து இறுகியிருந்தால் அது தொங்குகிற வெயிட்டே இல்லை, மாட்டிக்கொண்ட வெயிட். துள்ளி விழும் சத்தம் அப்படியும் வரும். இன்னொன்று, தலை ட்ரம்மில் றப்பர் போர்த்தியிருக்கிறதா, வெறும் இரும்பா?

சம்மாந்துறை_ஃபோர்மன்

றப்பர் இருக்கிறது தம்பி, தேயவும் இல்லை. வழிகாட்டியைக் கழுவி கிரீஸ் போட்டாயிற்று, கையால் தூக்கினால் சும்மா ஆடுகிறது. அது இல்லை.

ஒலுவில்_மெக்கானிக்கல்

வெயிட் ஏன் மேலே போகிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், தேத்தண்ணியோடு இருங்கள்.

மோட்டர் ஓட்டும்போது தலை ட்ரம் மேல் பெல்ட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. மேல் பெல்ட் இறுக்கமான பக்கம், ட்ரம்மைச் சுற்றிக் கீழே போகிற பெல்ட் தளர்ந்த பக்கம். வெயிட்டை அங்கே தொங்கவிடுவது அதனால்தான். பிரேக் பிடித்தால் இது தலைகீழ். ட்ரம் வேகம் குறைகிறது, ஆனால் மேல் பெல்ட்டில் நெல்லோடு வருகிற கனம் குறைய விரும்பாமல் ட்ரம்மை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது, அதனால் மேலே பெல்ட் சேர்ந்து தொய்கிறது. கீழே ட்ரம்மை விட்டுப் போன பெல்ட்டோ தன் வேகத்தில் வால் பக்கம், அதாவது நெல் ஏறுகிற முனைக்கு, போய்க்கொண்டே இருக்கிறது, ட்ரம் அதற்குப் போதிய பெல்ட்டை விடவில்லை, குறைகிற நீளத்தை அது வெயிட்டிடமிருந்து பிடுங்குகிறது. வெயிட் மேலே. எல்லாம் நின்றபிறகு மேலே சேர்ந்திருந்த தொய்வு கீழே வந்து சேரும், அப்போது வெயிட் டமார். நீங்கள் கண்டது அப்படியே இதுதான்.

இனி அளவுக்கு வருவோம். 300 கிலோ என்பது ஏறக்குறைய 2940 நியூட்டன், இரண்டு இழையில் பிரிகிறது, ஆகவே தலை ட்ரம்மை விட்டுப் போகும் பெல்ட்டில் எப்போதும் 1470 நியூட்டன் இழுவை. ஓட்டினாலும் நிறுத்தினாலும் அந்த இடத்தில் 1470தான், வெயிட் துள்ளும் கணங்களை விட்டுவிட்டால். கரைவலைக்காரர் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபக்கத்துப் பெரிய இழுவையைத் தாங்குவார்கள் பாருங்கள், ட்ரம்மும் பெல்ட்டும் அதே கணக்கு, ஒய்லர் எழுதி வைத்தது. றப்பர் போர்த்திய ட்ரம், 180 பாகை சுற்று, உராய்வுக் குணகம் 0.35 என்று எடுத்தால் ஒரு பக்க இழுவை மறுபக்கத்தைப் போல 3 மடங்கு வரை போகலாம், அதற்கு மேல் போனால் வழுக்கும். வெறும் இரும்பு என்றால் 0.25, அப்போது 2.2 மடங்கு மட்டும்.

ஓட்டும்போது 1470 தளர்ந்த பக்கம். இறுக்கமான பக்கம் 4410 வரை ஏறலாம். வித்தியாசம் 2940 நியூட்டன், இவ்வளவும் மோட்டர் இழுக்கலாம். நிறுத்தும்போது அதே 1470 இறுக்கமான பக்கம் ஆகிவிடுகிறது. மற்றப் பக்கம் 490க்குக் கீழே போனால் வழுக்கும். வித்தியாசம் 980தான். ஒரே வெயிட், ஒரே ட்ரம், ஒரே றப்பர், ஆனால் நிறுத்தும் பலம் ஓட்டும் பலத்தில் மூன்றில் ஒன்று. வெயிட்டை ஓட்டுவதற்குக் கணக்குப் பார்த்துத் தொங்கவிட்டு, பிறகு யாரோ பிரேக்கை அதே தலை ட்ரம்மில் சேர்த்தால் இப்படித்தான் நடக்கும்.

உங்கள் பிரேக் எவ்வளவு கேட்கிறது? 3 கிலோவாட், 2 மீற்றர் வேகம், ட்ரம் விளிம்பில் 1500 நியூட்டன். பிரேக்கின் முறுக்கு மோட்டரின் முறுக்கைப் போல இரண்டு மடங்கு வரை இருப்பது வழமை, பெயர்த் தகட்டில் பாருங்கள். அப்படியென்றால் 3000. தாங்கக்கூடியது 980, கேட்பது 3000. கத்தாமல் என்ன செய்யும்.

தொய்வுக்கும் கணக்கு உண்டு. ரோலர்களுக்கு இடையில் 1.2 மீற்றர் என்று வைக்கிறேன், பெல்ட்டும் நெல்லும் மீற்றருக்கு 15 கிலோ மட்டில். இடைவெளியில் 2 வீதத்துக்கு மேல் தொய்யக்கூடாது என்றால் கிட்டத்தட்ட 1100 நியூட்டன் வேண்டும், 3 வீதம் என்றால் 725 போதும். உங்களிடம் பிரேக் பிடிக்கும்போது தலைக்கு முன்னால் 490க்குப் போகிறது, அங்கே தொய்வு 5 சென்ரிமீற்றரைத் தாண்டும். நெல் சிந்துவது அதனால்.

இப்போது வெயிட். 3000 நியூட்டன் பிரேக்கை வழுக்காமல் பிடிக்க 4500 இழுவை வேண்டும், அதற்கு 900 கிலோவுக்கு மேல் தொங்கவேண்டும். அவர்கள் சொன்ன 600 போதவே போதாது, கொஞ்சம் குறைவாகக் கத்தும், அவ்வளவுதான். பெல்ட் அதைத் தாங்கிவிடும், அது கவலை இல்லை. ஆனால் தலை ட்ரம்மின் தண்டு, பேரிங், பெல்ட் மூட்டு, வெயிட் துள்ளி விழும்போது அடி வாங்கும் சட்டம், இவையெல்லாம் இரவு பகல் மூன்று மடங்கு சுமையில் இருக்க வேண்டும், எதற்கு? கரண்ட் போகிற சில செக்கன்களுக்கு.

பிரேக்கைக் குறையுங்கள். நெல் மீற்றருக்கு 8.3 கிலோ, பெல்ட் மேலும் கீழுமாக 13, ரோலர்களின் சுற்றும் பாகம் 12 என்று வைத்தால் நகர்கிற மொத்தக் கனம் 1500 கிலோ. 3 செக்கனில் நிறுத்த 1000 நியூட்டன் வேண்டும், அதில் 370 உராய்விலேயே கிடைத்துவிடுகிறது, பிரேக் தரவேண்டியது 630 மட்டும். அப்போது தலைக்கு முன்னால் இழுவை 840, வழுக்காது, தொய்வும் 3 வீதத்துக்குள். ஓடும் தூரம் 3 மீற்றர், அடிப்பெட்டிக்குப் போகும் நெல் 25 கிலோ. பிரேக்கின் பின் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் தெரியும், சில மொடலில் சோடி சோடியாக எடுத்துவிட்டு முறுக்கைக் குறைக்கலாம், சிலதில் நடுவில் திருகு வளையம் இருக்கும். எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள், கண்ணால் பார்த்து இல்லை.

தோகா_ரிட்டர்ன்

ஒலுவில் தம்பி சொன்ன கணக்கு சரி. நான் கட்டாரில் துறைமுகத்துப் பெல்ட்டில் வேலை செய்தவன், அங்கே இருந்த பெரிய பெல்ட்டுகளில் டேக் அப்பை, அதாவது பெல்ட்டை இறுக்கும் ட்ரம்மை, வின்ச்சால் இழுத்து வைத்திருப்பார்கள், நிறுத்தும் நேரம் வின்ச் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் பெல்ட்டின் மொத்த நீளம் மாறாது, மேலே குறைகிற இழுவை கீழே கூடும். தம்பி சொன்ன 1470 என்ற கூரை அப்போது இல்லை, கீழ் இழுவை ஏறுவதால் பிடிப்பும் கூடும். அதனால்தான் வாலில் திருகு போட்டு இறுக்கிய சின்னப் பெல்ட்டுகள் பிரேக்கில் இந்த மாதிரித் துள்ளுவதில்லை. ஆனால் அவற்றை முதலே கூடுதலாக இறுக்கி வைக்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் நீண்டு தளர்ந்தால் ஓடிப்போய்த் திருகவும் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. பிரேக்கைத் தலையிலிருந்து எடுத்து வால் ட்ரம்மில் வையுங்கள். வாலில் பிடித்தால் மேல் பெல்ட் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இறுக்கமாகவே வந்து நிற்கும், நெல் இருக்கிற பக்கம் தொய்யாது. அதே 630 நியூட்டனை வாலில் போட்டுப் பாருங்கள், வாலை விட்டு மேலே போகும் பெல்ட்டில் 1900 நியூட்டன் மட்டில் வரும், வாலுக்கு வந்து சேரும் பெல்ட்டில் 1300 மட்டில். விகிதம் ஒன்றரை. வெறும் இரும்பு ட்ரம்மே போதும். இறக்கத்தில் சுமை கொண்டுவரும் பெல்ட்டுகளுக்கு மோட்டரையும் பிரேக்கையும் மேல் முனையில், அதாவது வாலில் வைப்பது இதே காரணத்துக்குத்தான்.

பிரேக் ஸ்பிரிங் பிடித்துக் கரண்ட் விடுவிக்கும் வகையாகத்தான் இருக்கவேண்டும். த்ரீவீலர் டிஸ்க்கை வெல்ட் பண்ணி வயர் இழுக்கலாம் என்று யாராவது வருவார்கள், வரவேண்டாம்.

கிரஷர்_செங்கலடி

எல்லாரும் பிரேக்கைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் கேட்பது, பிரேக் எதற்கு?

எங்கள் கல் கிரஷரில் ஏறுகிற பெல்ட்டுகள்தான் எல்லாம், கரண்ட் போனால் கல்லின் பாரமே நிறுத்திவிடும், பின்னால் ஓடாமல் பேக்ஸ்டொப் மட்டும் போதும், பிரேக் என்ற சாமானே கிடையாது. உங்களுடையது மட்டமான பெல்ட், ஓடும், சரி. பிரேக் இல்லாமல் எவ்வளவு ஓடும்? தம்பி போட்ட அதே எண்களில் 1500 கிலோவை 370 நியூட்டன் நிறுத்த 8 செக்கன், 8 மீற்றர். நெல் 67 கிலோ. நீங்கள் முதலில் ஒரு சாக்கு அள்ளுவதாகச் சொன்னீர்களே, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

67 கிலோ நெல்லுக்கு இடம் இல்லாததுதான் உங்கள் பிரச்சினை. நெல்லின் கனம் கன மீற்றருக்கு 570 கிலோ மட்டில், அரை மீற்றருக்கு அரை மீற்றருக்கு அரை மீற்றர் பெட்டி ஒன்று 70 கிலோவைப் பிடிக்கும். சூட்டுக்கும் எலிவேட்டர் வாசலுக்கும் இடையில் அதைப் போடுங்கள், கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், அடியில் ஒரு தள்ளுகதவு, கரண்ட் இருக்கும்வரை திறந்திருந்து, கரண்ட் போனதும் ஸ்பிரிங்கால் தானாக மூடிக்கொள்கிற மாதிரி. கரண்ட் போனால் ஓடி வரும் நெல் பெட்டியில் நிற்கும், அடிப்பெட்டிக்குள் விழுந்து வாளியைப் புதைக்காது. மூன்று மில்லிமீற்றர் தகட்டில் கல்முனைத் தம்பியே ஒரு பகலில் வெட்டி ஒட்டித் தருவார்.

கல்முனை_வெல்டர்

ஒட்டலாம். ஆனால் மெஷின் வெட்டு நெல், வைக்கோல் துண்டு கலந்து வரும், ஈரமும் இருக்கும். சதுரப் பெட்டியில் தட்டையான அடி போட்டால் மூலையில் தங்கி வாய்க்கு மேல் பாலம் கட்டிவிடும், அப்புறம் பொல்லால் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். அடிப் பக்கத் தகடுகளை 50 பாகைக்குக் குறையாமல் சரிக்க வேண்டும், வாயையும் சின்னதாக வைக்கக்கூடாது. சரித்தால் உயரம் கூடும். சூட்டில் எவ்வளவு இறக்கம் இருக்கிறது?

சம்மாந்துறை_ஃபோர்மன்

அளந்து பார்த்தேன், சூட் வாயிலிருந்து எலிவேட்டர் வாசல் வரைக்கும் 9 அடிக்குக் கொஞ்சம் மேல். இடம் இருக்கிறது. தகடு சரித்தாலும் அடங்கும்.

பிரேக்கின் தகட்டையும் பார்த்தேன், 40 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கிறது, கியர் 15க்கு 1, தலை ட்ரம் 400 மில்லிமீற்றர். ஒலுவில் தம்பி சொன்ன 3000 அப்படியே வருகிறது. கையேட்டில் ஸ்பிரிங் எடுத்தால் 20 வரைக்கும்தான் இறங்கலாம் என்கிறார்கள். அது போதுமா?

ஒலுவில்_மெக்கானிக்கல்

20 என்றால் விளிம்பில் 1500, இன்னும் வழுக்கும். 980க்குக் கீழே வர 13 வேண்டும், வசதியாக நிற்க 8 அல்லது 9. அந்த மோட்டரால் முடியாது. தோகா காக்கா சொன்ன வால் பிரேக் வேலை செய்யும், ஆனால் புது பிரேக், புது தண்டு முனை என்று காசு போகும். கிரஷர் அண்ணன் சொன்ன பெட்டி எனக்கும் பிடித்திருக்கிறது, இந்த அளவு பெல்ட்டுக்கு அதுதான் மலிவு. பெல்ட் இதைப் போல இரண்டு மடங்கு வேகம், அகலமும் கூட, நெல்லுக்குப் பதில் கல் என்று இருந்தால் இதே யோசனை எடுபடாது, அப்போது தொன் கணக்கில் வந்து விழும்.

பெட்டி வைத்தால் பிரேக்கின் விடுவிப்பு நெம்புகோலைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுங்கள், அல்லது பழைய மோட்டரை மாட்டுங்கள். பெட்டி வரும்வரை பிரேக் இருக்கட்டும், ஆனால் வயரிங்கை மாற்றுங்கள். இப்போது மோட்டர் பெட்டியிலிருந்தே பிரேக்குக்குக் கரண்ட் எடுத்திருப்பீர்கள், அப்படியென்றால் நீங்களாக சுவிட்ச் அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அது கடித்துப் பிடிக்கும், தேவையே இல்லாமல். பிரேக் சுருளுக்குத் தனி லைன் கொடுத்து, சாதாரணமாக நிறுத்தும்போது 10 செக்கன் டைமரில் திறந்தே வைத்திருங்கள், எலிவேட்டரை அதற்குப் பிறகு அணையுங்கள். நிறுத்து பொத்தானுக்கு மட்டும்தான் இந்த டைமர், அவசர நிறுத்தக் கயிற்றை இழுத்தால் தாமதம் இல்லாமல் பிடிக்க வேண்டும். லைனில் கரண்ட் போனால் டைமருக்கும் கரண்ட் இல்லை, பிரேக் தானாகப் பிடிக்கும். துள்ளலும் சிந்தலும் அப்போது மட்டும்.

தோகா_ரிட்டர்ன்

மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் போட்டு மெதுவாக நிறுத்தலாமே என்று யாராவது கேட்பதற்கு முதல்: கரண்ட் இருக்கும்போது அழகாக நிறுத்தும், கரண்ட் போனால் சாதாரண இன்வேர்ட்டர் கையை விட்டுவிடும், பெல்ட் பழையபடி ஓடும். இங்கே பிரச்சினையே கரண்ட் போவதுதான்.

சம்மாந்துறை_ஃபோர்மன்

வயரிங்கை நாளைக்கு மாற்றிவிடலாம், எங்கள் எலக்ட்ரிஷன் பெடியனுக்கு வாசித்துக் காட்டினேன், விளங்கியது என்றான். பெட்டிக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டேன், பிரேக் மோட்டருக்குக் கொடுத்த காசைப் பற்றி ஒரு மூச்சு ஏசிவிட்டு சரி என்றார். கல்முனைத் தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து அளவு எடுக்க ஏலுமா? தள்ளுகதவின் கைப்பிடியை லொறிப் பாதைப் பக்கம் வைக்கவேண்டாம், யாராவது இடித்துத் திறந்துவிடுவான்கள்.

கல்முனை_வெல்டர்

வருகிறேன் காக்கா. பெட்டியின் மேலே ஒரு பார்வைக் கதவும் வைப்போம், நெல் எவ்வளவு நிற்கிறது என்று திறந்து பார்க்காமல் கரண்ட் வந்ததும் எலிவேட்டரைப் போடக்கூடாது. தகடு நீங்கள் எடுக்கிறீர்களா, நான் கொண்டு வரவா?